சுங்குடிச் சேலைப் படம் களவு போனால் என்ன செய்வது?

கேள்வி: மதுரையில் வீட்டிலிருந்தபடியே கைமுடிச்சுச் சுங்குடி செய்கிறோம். நானும் அக்கம்பக்கத்துப் பெண்கள் 4 பேரும் முடிச்சுப் போட்டு, சாயம் தோய்த்து, இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் விற்கிறோம். எங்கள் சேலைப் படங்களை வேறொரு கணக்கில் பாதி விலைக்குப் போட்டிருக்கிறார்கள். மூலையில் இருந்த எங்கள் பெயரை வெட்டிவிட்டார்கள். அங்கே பணம் கட்டிய ஓர் அம்மாவுக்கு வந்தது பிரிண்ட் சேலை. "உன் போட்டோதானே அது" என்று என்னிடம் சண்டைக்கு வந்துவிட்டார். அந்தக் கணக்குக்கு மெசேஜ் போட்டேன், பிளாக் செய்துவிட்டார்கள். இனி படம் போடுவதையே நிறுத்திவிடலாமா?
ஒரு வாசகி, மதுரை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நிறுத்த வேண்டாம். தொட்டுப் பார்த்து வாங்க முடியாத ஊரில் இருப்பவர்களுக்கு உங்கள் படம்தான் கடை. கண்ணுக்குத் தெரிகிற படத்தை யாரும் பிரதி எடுக்காமல் முழுமையாகத் தடுக்க எந்த ஆப்பாலும் முடியாது, அப்படி ஒன்றை விற்க வந்தால் காசு கொடுக்காதீர்கள். உங்கள் கையில் இருப்பது வேறொரு பலம். "இது என் படம்" என்பதை ஒரு மணி நேரத்தில் யாருக்கும் காட்டிவிடக்கூடிய நிலையில் இருப்பது. படத்தைக் கீழே இறக்க வைப்பது அதுதான்.

முதலில் இன்று செய்ய வேண்டியது. அந்தக் கணக்குக்கு நீங்கள் மெசேஜ் போட்டது அவசரம். நியாயமான கோபம்தான், ஆனால் எச்சரித்தால் எதிராளி ஆதாரத்தை அழிப்பார். இனிமேல் சேகரித்த பிறகே பேசுங்கள். உங்களை பிளாக் செய்துவிட்டதால் வீட்டில் வேறொருவர் போனிலிருந்து அந்தக் கணக்கைத் திறந்து, ஸ்கிரீன் ரெக்கார்டிங்கை ஓடவிடுங்கள். முகப்பில் தொடங்கி, கணக்கின் பெயர், மூன்று புள்ளியை அழுத்தினால் வரும் 'இந்தக் கணக்கைப் பற்றி' என்ற பக்கம், அதில் தெரியும் தொடங்கிய தேதி, பிறகு உங்கள் படம் இருக்கும் ஒவ்வொரு பதிவு, அதன் விலை, கீழே உள்ள கமென்ட் என்று நிதானமாக நகருங்கள். ஒவ்வொரு பதிவின் லிங்கையும் தனித்தனியாக காப்பி செய்து வையுங்கள். கணக்கின் பெயரை அவர்கள் நாளைக்கே மாற்றலாம், பதிவின் லிங்க்கில் உள்ள குறியீடு மாறாது. ஸ்டோரியில் போட்டிருந்தால் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், அதனால் அதை முதலில் பதிவு செய்யுங்கள். முடிந்ததும் எல்லாவற்றையும் உங்களுக்கே ஒரு மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். எந்தத் தேதியில் உங்களிடம் இருந்தது என்பதற்கு அது ஒரு வெளிச் சாட்சி.

ஏமாந்த அந்த அம்மாவிடம் கோபப்படாதீர்கள். உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல சாட்சி அவர்தான். அவருடைய சாட், யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண், பணம் போன பெயர், பார்சல் கவரில் உள்ள அனுப்புநர் முகவரி, வந்த சேலையின் முன்புறம் பின்புறம் இரண்டின் படம், இவற்றைக் கேட்டு வாங்குங்கள். பணத்துக்கு அவர் உடனே 1930-ஐ அழைத்து, சைபர் குற்ற இணையதளத்திலும் புகார் பதிய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறாரோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு அதிகம். வேறொருவர் செய்த விற்பனைக்கு நீங்கள் பொறுப்பாளி இல்லை. அதைச் சண்டையாகச் சொல்லாமல், இந்த 1930 எண்ணோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்தது, இரண்டும் ஒரே படம் என்று காட்டுவது. இதில் கைமுடிச்சுக்காரர்களுக்கு மற்ற கைவினைக்காரர்களுக்கு இல்லாத வசதி ஒன்று உண்டு. கிள்ளி எடுத்து நூல் சுற்றிய புள்ளி எதுவும் பக்கத்துப் புள்ளி போல இருக்காது. ஒன்று கொஞ்சம் நீண்டிருக்கும், ஒன்றின் நடுவில் சாயப் பொட்டு பெரிதாக விழுந்திருக்கும், ஒன்று வரிசையை விட்டு நூலளவு விலகியிருக்கும். உங்கள் படத்தில் இப்படி விசேஷமான 3 புள்ளிகளைத் தேர்ந்தெடுத்துச் சிவப்பு வட்டமிடுங்கள். களவு போன படத்திலும் அதே 3 இடங்களில் வட்டமிடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே படமாக்கினால், சேலையைப் பற்றி ஒன்றும் தெரியாதவருக்கும் விளங்கும். தேடலில் சிக்காமலிருக்கச் சிலர் படத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பிப் போடுவார்கள். சேலை கட்டிய படமாக இருந்தால் முந்தி வலது தோளில் கிடக்கும், பார்த்ததுமே தெரிந்துவிடும். விரித்துப் போட்ட படம் என்றால் உங்கள் படத்தையும் திருப்பி வைத்து ஒப்பிடுங்கள்.

இப்போது சட்டம். 'காப்புரிமை' என்று நம்மூரில் எல்லாவற்றுக்கும் சொல்கிறோம். அது பேட்டன்ட். உங்களுக்கு வேண்டியது பதிப்புரிமை, அதாவது காபிரைட். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி புகைப்படம் ஒரு கலைப்படைப்பு. எடுத்த நொடியிலேயே உரிமை பிறந்துவிடுகிறது, பதிவு செய்தால்தான் என்றில்லை. எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளும் அது நிற்கும். பதிவு செய்தால் நீதிமன்றத்தில் முதல்நிலைச் சான்றாக உதவும். கலைப்படைப்பு ஒன்றுக்குக் கட்டணம் 500 ரூபாய், பொருளோடு சேர்த்துப் பயன்படுத்தும் படைப்பு என்றால் 2,000 ரூபாய். வாரம் 10 சேலை போடுகிறவர் ஒவ்வொரு படத்தையும் பதிவது வீண் செலவு. உங்கள் லோகோவையும், வருடக்கணக்கில் பயன்படுத்தப் போகும் ஓரிரு முக்கியப் படங்களையும் பதிந்தால் போதும் என்பது என் கருத்து.

உரிமை யாருடையது என்பதில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். சட்டம் பார்ப்பது, படத்தை எடுத்தது யார் என்பதை. நீங்களே உங்கள் போனில் எடுத்தால் உரிமை உங்களுடையது. காசு கொடுத்து போட்டோகிராபரை வைத்து எடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, காசு கொடுத்த உங்களுடையது. ஆனால் தம்பியின் நண்பர் ஒருவர் ஆசைக்கு இலவசமாக எடுத்துக் கொடுத்திருந்தால் உரிமை அவருடையது. வாடிக்கையாளர் கட்டிக்கொண்டு அனுப்பிய படமும் அப்படியே, அது உங்கள் சேலையாக இருந்தாலும் படம் உங்களுடையது ஆகாது. அப்படிப்பட்ட படங்களுக்கு உரிமையை எழுதி, கையெழுத்திட்டு வாங்க வேண்டும். எழுதும்போது காலத்தைக் குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். 'பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும்' என்று ஒரு வரி சேர்த்தால் இந்தச் சிக்கல் வராது. உங்கள் பட்டியலில் இருக்கும் படங்களில் நீங்களே எடுத்தவை எவை என்று இன்றே பிரித்துவிடுங்கள். புகாரில் அவை மட்டும் போகட்டும்.

புகாரை அந்தந்தத் தளத்தின் காபிரைட் புகார்ப் படிவத்தில் கொடுக்க வேண்டும். பதிவுக்குக் கீழே வரும் 'ரிப்போர்ட்' பொத்தானில் ஸ்பாம், மோசடி என்று அழுத்துவது தனி, அதற்குப் பலன் குறைவு. நிராகரிக்கப்படும் புகார்களில் திரும்பத் திரும்ப வரும் தவறுகள் சில உண்டு. பதிவின் லிங்க் கேட்கும் இடத்தில் கணக்கின் லிங்க்கைக் கொடுப்பது ஒன்று. "என் டிசைனைத் திருடிவிட்டார்" என்று எழுதுவது இன்னொன்று. காபிரைட் பிரிவில் பார்க்கிறவருக்கு டிசைன் வேறு விவகாரம், உடனே மூடிவிடுவார். "இந்தப் புகைப்படத்தை நான் எடுத்தேன், என் அனுமதி இல்லாமல் வெளியிட்டிருக்கிறார்கள், என் அசல் பதிவு இந்த லிங்க்கில் இந்தத் தேதியில் உள்ளது" என்று எழுதினால் போதும். டிரேட்மார்க் படிவத்தில் போய்க் கொடுப்பதும், மகன் பெயரில் உள்ள கணக்கிலிருந்து மகன் தன்னை உரிமையாளர் என்று கொடுப்பதும் நிராகரிக்கப்படும். உரிமையாளர் கொடுக்க வேண்டும், அல்லது உரிமையாளரின் சார்பில் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் தரும் பெயரும் மின்னஞ்சலும் எதிராளிக்குப் போகலாம். வீட்டுப் பயன்பாட்டு மின்னஞ்சலைத் தவிர்த்து, தொழிலுக்கென்று ஒன்றைத் தொடங்கி அதைக் கொடுங்கள்.

படம் இறங்கிய பிறகு எதிராளி "இது என் படம்தான்" என்று எதிர்மனு போடலாம். அமெரிக்கச் சட்டப்படி நடக்கும் தளங்களில், அதற்குப் பிறகு 10 முதல் 14 வேலை நாளுக்குள் நீங்கள் நீதிமன்றம் போனதாகக் காட்டாவிட்டால் படம் திரும்ப ஏறிவிடும். நம் சட்டத்திலும் இதைப் போல ஒரு கணக்கு உண்டு. எழுத்துப்பூர்வப் புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் தளம் பார்வையைத் தடுக்க வேண்டும், 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் மறுபடி திறக்கலாம். பெரும்பாலான களவாளிகள் எதிர்மனு வரை போக மாட்டார்கள், பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமே. ஆனால் சிலர் முந்திக்கொண்டு உங்கள் மேலேயே புகார் கொடுத்து உங்கள் பதிவை இறக்குவதும் நடக்கிறது. அப்போது உங்களைக் காப்பது அசல் கோப்பு ஒன்றுதான்.

எது அசல் கோப்பு? இன்ஸ்டாகிராமிலிருந்து மறுபடி டவுன்லோட் செய்தது அசல் இல்லை. வாட்ஸ்அப்பில் படமாக வந்ததும் இல்லை. போன் கேமரா எழுதிய கோப்பில் எடுத்த தேதி, நேரம், போன் மாடல் எல்லாம் உள்ளே பதிந்திருக்கும், எக்ஸிஃப் என்பார்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது உதிர்ந்துவிடும், டாகுமென்ட்டாக அனுப்பினால் ஒட்டிக்கொண்டே போகும். ஜிபிஎஸ் திறந்திருந்தால் உங்கள் வீட்டு இடமும் கூடவே போகும் என்பதால், முன்பின் தெரியாதவருக்கு டாகுமென்ட்டாக அனுப்பாதீர்கள், கேமராவில் லொகேஷனை அணைத்து வையுங்கள். எக்ஸிஃப் தகவலை மாற்றவும் மென்பொருள் இருக்கிறது, அதனால் அதை மட்டும் நம்பி நிற்க முடியாது. அதைவிட உறுதியானது தொடர்ச்சி. நீங்கள் போட்ட ஒரு படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த மங்கலானவை, கோணலானவை, கை குறுக்கே வந்தவை, அவற்றின் வரிசை எண்கள். அவற்றை அழிக்காதீர்கள். களவாளியிடம் அந்த ஒரு படம் இருக்கும், அதன் அக்கம்பக்கம் இருக்காது.

இதிலிருந்தே இனி எப்படிப் படம் எடுப்பது என்பதும் வருகிறது. மொட்டை மாடியில் காலை வெயில் சுள்ளென்று ஏறுமுன் எடுக்கும்போது, வேண்டியதைவிட அகலமாக எடுங்கள். கொடிக்கயிறு, கைப்பிடிச் சுவர், சாய வாளி எல்லாம் விழட்டும். 12 மெகாபிக்சல் போனில் அசல் 4000-க்கு 3000 இருக்கும். ஓரத்தை வெட்டி, அகலம் 1080 ஆகச் சுருக்கிய பிரதியை மட்டும் வெளியில் விடுங்கள். வெட்டிப் போட்ட ஓரம் உங்களிடம் மட்டும் இருக்கும் பத்திரம். ஒவ்வொரு சேலைக்கும் முடிச்சு அவிழ்க்காமல் நூலோடு சுருங்கிக் கிடக்கும் துணியை ஒன்று, இரண்டு பேர் இழுத்து முடிச்சுத் தெறிக்கும்போது ஒன்று, முழுதாக விரித்து ஒன்று, பின்புறத்தில் ஒரு குளோசப் என்று எடுத்து, பின்புறப் படத்தையும் முடிச்சுப் படங்களில் சிலவற்றையும் எங்கும் வெளியிடாமல் வையுங்கள். பிரிண்ட் சேலை விற்கிறவரிடம் "பின்பக்கம் காட்டுங்க" என்று வாடிக்கையாளர் கேட்டாலே விஷயம் வெளியாகிவிடும். கைமுடிச்சில் சாயம் இரு பக்கமும் ஏறியிருக்கும், அச்சில் பின்புறம் வெளிறியிருக்கும். புள்ளியில் விரல் வைத்தால் கைமுடிச்சு மேடு தட்டும், அச்சு தட்டையாக இருக்கும். இதையே ஒரு சின்ன வீடியோவாக எடுத்து உங்கள் பக்கத்தில் மேலே நிறுத்துங்கள். சேலைப் படம் களவு போனாலும் இந்த அறிவு வாடிக்கையாளரிடம் தங்கிவிடும்.

வாட்டர்மார்க் பற்றி. மூலையில் பெயர் போடுவது வெட்டுகிறவருக்கு வசதி செய்து கொடுப்பதுதான். வெறும் சுவர் மேலோ சேலையின் ஒரே நிற உடல் பகுதி மேலோ போட்டால் போனிலுள்ள அழிப்பான் இரண்டு தடவலில் துடைத்துவிடும். பார்டரும் உடலும் சேரும் இடத்தில், புள்ளிகள் நெருக்கமாக இருக்கும் பகுதியின் மேல், 20 சதவீத அடர்த்தியில் குறுக்காகப் போடுங்கள். அங்கே அழித்தால் மென்பொருள் புள்ளிகளைத் தானாகக் கற்பனை செய்து நிரப்ப வேண்டும். வரிசை கோணும், ஒரு புள்ளி பாதியில் நிற்கும், பார்டர் கோடு நெளியும். அந்தத் தடயமே உங்களுக்குச் சாட்சி. இன்னும் நல்லது, பெயரைச் சேலையிலேயே வைப்பது. முந்தி ஓரத்தில் உங்கள் பெயர் நெய்த சின்னத் துணி டேக்கைத் தைத்து, மடிப்பின் நிழல் அதன்மேல் பாதி விழும்படி வைத்து எடுங்கள். நிழலோடு சேர்ந்த எழுத்தை அழிப்பது கடினம். பெயரை வேண்டுமென்றே நீக்கியதை உரிமைத் தகவலை அகற்றிய தனிக் குற்றமாகவும் வாதிடலாம். பதிப்புரிமைச் சட்டம் 65பி பிரிவு, 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு கேள்வி. ரீசெல்லர் குரூப்பில் இந்தப் படங்களைக் கொடுத்திருந்தீர்களா? மதுரையிலிருந்து ஆன்லைனில் சேலை விற்கும் பலரின் படங்கள் வெளியேறும் வாசல் அது. "யார் வேணும்னாலும் போட்டு விக்கலாம், கமிஷன் உண்டு" என்று நீங்களே எழுதியிருந்தால், எதிராளி அதை அனுமதி என்று காட்டுவார். இனி ரீசெல்லருக்குத் தனிப் படத்தொகுப்பு கொடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன வித்தியாசம் வையுங்கள். ஒருவருக்கு வலது ஓரம் ஒரு விரல் குறைவாக வெட்டியது, இன்னொருவருக்கு இடது ஓரம், மூன்றாமவருக்கு வாட்டர்மார்க் ஒரு புள்ளி தள்ளி. யாருக்கு எது என்று நோட்டில் எழுதி வைத்தால், வெளியே வரும் படம் யார் கையிலிருந்து போனது என்று தெரிந்துவிடும். குரூப்பின் விளக்கத்தில் "எங்களிடம் ஆர்டர் கொடுத்து எங்கள் சேலையை விற்க மட்டும். வேறு சேலைக்கு இந்தப் படத்தைப் பயன்படுத்தக் கூடாது. குரூப்பை விட்டு விலகினால் 7 நாளில் நீக்க வேண்டும்" என்று எழுதுங்கள்.

தேடிக் கண்டுபிடிக்க, படத்தைக் கொடுத்தால் அதே படம் இருக்கும் இடங்களைத் தேடும் கூகுள் லென்ஸ், டின்ஐ (TinEye) இரண்டிலும் மாதம் ஒருமுறை முக்கியப் படங்களைப் போட்டுப் பாருங்கள். சமூக ஊடகக் கணக்குகளுக்குள் இருப்பதில் பெரும்பகுதி அவற்றுக்குத் தெரியாது. அதற்கு வேறு வழி, படத்தை எடுப்பவர் எழுத்தையும் சேர்த்தே எடுப்பார். உங்கள் விவரணையில் யாரும் எழுதாத ஒரு சொற்சேர்க்கையை வழக்கமாக வைத்துக்கொண்டு அதைத் தேடுங்கள்.

புள்ளிக் கோலத்தையே பார்த்து வேறொருவர் சேலை செய்து, தானே படம் எடுத்துப் போட்டால்? அது படக் களவு ஆகாது. மரபான சுங்குடிப் புள்ளி யாருடைய தனிச் சொத்தும் இல்லை. புத்தம் புதிதாக நீங்கள் உருவாக்கிய வடிவம் என்றால் 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தில் பதியலாம், 10 ஆண்டு, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். ஆனால் விண்ணப்பிக்கும் முன் எங்கும் வெளியிட்டிருக்கக் கூடாது. ஆசையாக ஸ்டோரியில் ஒரு தரம் போட்டுவிட்டால் புதுமை போய்விடும். அச்சுச் சேலையை 'மதுரை சுங்குடி' என்று விற்பது வேறு பிரச்சினை. 2005-லேயே புவிசார் குறியீடு பெற்ற பெயர் அது. அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்துகொண்டால் அந்தப் பெயருக்காக நீங்களும் கேட்கலாம். உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் தொழிலுக்கு அந்தப் பதிவு மிகவும் தகும், தள்ளிப் போடாதீர்கள்.

போலீஸ், நீதிமன்றம் எப்போது? ஒரு படம், ஒரு கணக்கு என்றால் புகாரிலேயே முடித்துக்கொள்ளுங்கள். உங்கள் விஷயத்தில் படத்தைக் காட்டிப் பணம் வாங்கி ஏமாற்றியிருக்கிறார்கள், அதனால் ஏமாந்தவர் 1930-இல் கொடுக்கும் புகாரோடு, நீங்களும் சைபர் குற்றப் பிரிவில் உங்கள் ஒப்பீட்டுப் படங்களுடன் எழுதிக் கொடுங்கள். பதிப்புரிமை மீறலுக்கு 63-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. இது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஸ்டேஷனில் "இதெல்லாம் சிவில் மேட்டர்மா" என்றால் அந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள். சிவில் வழக்கு என்றால், எதிராளி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் இருந்து தொழில் செய்யும் மதுரையின் மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டப்படி மின்னணு ஆதாரத்தோடு ஒரு சான்றிதழ் தர வேண்டும். அதில் ஒரு பகுதி நீங்கள் நிரப்புவது, இன்னொரு பகுதி நிபுணர் நிரப்புவது, கோப்பின் ஹேஷ் எண்ணும் கேட்கப்படும். ஹேஷ் என்பது கோப்பிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண், கோப்பு துளி மாறினாலும் அது மாறிவிடும். ஸ்கிரீன் ரெக்கார்டிங் எடுத்த அன்றே எஸ்எச்ஏ-256 ஹேஷ் கணக்கிட்டு எழுதி வைத்தால் பிற்பாடு கோப்பை மாற்றினீர்கள் என்ற பேச்சுக்கே இடம் இருக்காது. கம்ப்யூட்டர் சென்டரில் 5 நிமிட வேலை.

அதுவரை அந்தக் கணக்கின் பெயரைப் போட்டு "திருடன்" என்று பொதுவில் எழுதாதீர்கள், அவதூறு வழக்கை உங்கள் பக்கம் திருப்பிவிடும். "இந்தப் படங்கள் நாங்கள் எடுத்தவை. எங்களுக்கு இந்த ஒரு கணக்குதான், இந்த ஒரு எண்தான்" என்று உங்கள் பக்கத்தில் நிறுத்தி வையுங்கள். வக்கீல் நோட்டீஸுக்கும் வழக்குக்கும் செலவாகுமே என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். போகும்போது ஒப்பீட்டுப் படங்களை கலர் பிரிண்ட்டாகவும், அசல் கோப்புகளை ஒரு பென் டிரைவிலும், முடிந்தால் படத்திலுள்ள அதே சேலையையும் கையோடு கொண்டுபோங்கள். விற்றுவிட்டிருந்தால் வாங்கியவரிடம் கேட்டு, வட்டமிட்ட அந்த 3 புள்ளிகளை மட்டும் குளோசப்பில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.